ஞானஸ்நானப் புத்தகத்தில் விடுபட்ட ஒரு வரி: மார்டள்ளியிலிருந்து மைசூர் போய் வந்தது

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் வந்து நானும் இருந்தேன் என்று சேர்ந்துகொள்ளக் கூடாது. அற்புதமேரியாகிய நான், எழுபத்தொரு வயது முடிந்தவள். என் மகன் வழிப் பேத்தி ஜெனிபர், இருபத்து நான்கு வயது, கல்யாணப் பெண். மைசூர் ஆட்டோக்காரர் மஞ்சு. அங்கே பங்குச் சாமியாராக இருக்கும் இன்னாசி சாமி. பூக்கடை ரத்னம்மா. அப்புறம் என் தம்பி சின்னப்பன். ஆக ஆறு பேர். ஏழாவதாக ஒருவர் இருந்தார், அவரைப் பஸ்ஸில் சொல்கிறேன்.

கர்நாடகத்திலிருக்கும் எங்கள் தமிழ் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நடத்தும் இந்த வலைப்பூவில் மைசூர் ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி, காலேஜுக்குப் போவது எப்படி என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்கப் போவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் சொல்கிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். சொல்லச் சொல்ல ஜெனிபர் அடிக்கிறாள். ஒரு வார்த்தை மாற்றினாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும்.

பொங்கல் முடிந்து வந்த வியாழக்கிழமை கிளம்பினோம். ஜெனிபருக்குப் பிப்ரவரி முதல் வாரம் கல்யாணம். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. ஓலை வாசிக்க ஞானஸ்நானம் பெற்ற கோயிலிலிருந்து புதிதாக எடுத்த சர்டிபிகேட் வேண்டும். எங்கள் ஊர்ச் சாமியார் சனிக்கிழமைக்குள் காகிதம் வராவிட்டால் இந்த ஞாயிறு முதல் ஓலை கிடையாது என்றுவிட்டார். ஒரு ஞாயிறு தள்ளினால் தவக்காலம் வந்து இடிக்கும், கல்யாணம் ஈஸ்டருக்கு அப்புறம்தான். மாப்பிள்ளை பிப்ரவரிக் கடைசியில் குவைத் போகிறார். போனால் இரண்டு வருடம். ஜெனிபர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் பிறந்தது மைசூரில். ஆகவே அவள் பெயர் மைசூர்ப் புத்தகத்தில் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். இருக்காது என்று எனக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் பஸ் ஏறினேன்.

மார்டள்ளியில் காலை 6.10க்குத் தனியார் பஸ். ஹனூருக்கு ஆளுக்கு 50 ரூபாய். ஜனவரிப் பனி எப்படி என்றால், சோளக்காடு கண்ணுக்குத் தெரியாது, தட்டை உரசும் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக வரும். கௌதள்ளி வந்தது பஸ் நின்றதால்தான் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக உண்டாகி ஏறினார்கள். 7.25க்கு ஹனூர். அங்கிருந்து கவர்மெண்ட் பஸ். பெண்கள் ஆதார் காட்டினால் காசில்லாத டிக்கெட். கொள்ளேகாலில் இறங்கி 8.45க்கு மைசூர் பஸ் பிடித்தோம். மார்டள்ளியிலிருந்து மைசூர் மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர். திரும்பும்போது வலது பக்கம் உட்காராதீர்கள், வெயில் உங்கள் மேல்தான்.

கொள்ளேகால் தாண்டியதும் கண் சொருகியது. பக்கத்தில் ஜெனிபர் இருந்தாள், பிறகு அவள் இருந்த இடத்தில் எங்கள் அம்மா இருந்தார்கள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு, மடியில் வறுத்த கடலைப் பொட்டலத்தோடு. வெளியே நரசிபுரத்துப் பாலம் போனது. கீழே ஆறும் பனியும் ஒரே வெள்ளையாக இருந்ததால் பஸ் எதன் மேல் போகிறது என்று சொல்ல முடியவில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "சாமி வந்துட்டாரா?" என்று கேட்டார்கள்.

முப்பத்தொரு வருடமாக எந்தக் கனவில் வந்தாலும் இதே கேள்விதான்.

அம்மா செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அன்றைக்குச் சாமியார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் இருந்தார். சாகப்போகிறவருக்கு மந்திரித்த எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச அவரைக் கூட்டிவரச் சொல்லிச் சின்னப்பனைச் சைக்கிளில் அனுப்பினேன். அப்போது அவன்தான் எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை. மணி அடிப்பான், மெழுகுவர்த்தி ஏற்றுவான், ஜெபமெல்லாம் மனப்பாடம். அம்மா ஒன்பது முறை கேட்டார்கள், சாமி வந்துட்டாரா என்று. இரண்டரைக்கு உயிர் போனது. நாலே காலுக்குச் சாமியாரோடு வந்தான், வாயெல்லாம் சாராய நாற்றம். வழியில் ஒரு கடை இருந்தது. இப்போது அந்த இடத்தில் மொபைல் கடை. நான் இன்றுவரை அங்கே ரீசார்ஜ் செய்ததில்லை.

காரியம் முடிந்த மறுநாளே அவன் மைசூருக்குப் போய்விட்டான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு வேலை கிடைத்தது.

10.40க்கு மைசூர் பஸ் ஸ்டாண்டு. வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் மஞ்சு பிடித்துக்கொண்டார். கன்னடக்காரர், தமிழை மென்று மென்று பேசினார். "அஜ்ஜி, சர்ச்சா? மீட்டர்லயே வர்றேன். உங்க முகம் பாத்தா சண்டை போட பயமாயிருக்கு." மீட்டர் 48 காட்டியது, 50 கொடுத்தேன். இரண்டு ரூபாய் திருப்பித் தந்தார். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கோயில் ஆபீஸ் பத்திலிருந்து ஒரு மணி வரை. திங்கட்கிழமை லீவு. இன்னாசி சாமி நாற்பது வயதுக்காரர், தமிழர்தான். அந்த வருடத்துப் புத்தகத்தை எடுத்து, ஜெனிபர் பிறந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனார். இரண்டு முறை போனார்.

"இல்லையேம்மா. எந்தக் கோயில்ல குடுத்தாங்க?"

"கோயில்ல இல்லீங்க சாமி. ஆஸ்பத்திரியில. ஏழு மாசத்துக் குழந்தை, பொழைக்காதுன்னுட்டாங்க. ஆபத்துக்குக் குடுத்தது."

"அதுவும் செல்லும். ஆனா பொறவு வந்து எழுதி வெச்சிருக்கணுமே. யாரு குடுத்தது?"

"யாரோ ஆஸ்பத்திரி ஆளுங்க."

"பேரு?"

"ஞாபகமில்லீங்க."

ஜெனிபர் என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "ஆயா, நம்ம செவலை மாடு எத்தனை மணிக்குக் கண்ணு போட்டுச்சுன்னு சொல்லுவ. அது செத்தே பதினஞ்சு வருசமாச்சு. இது ஞாபகமில்லையா?"

சாமியார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பெரிய கோபுரங்களின் நடுவில் பனி இன்னும் மெல்லிசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல அது நல்ல இடமாகப் படவில்லை.

"எந்தம்பிதானுங்க," என்றேன். "சின்னப்பன்."

"உயிரோட இருக்காரா?"

"இருக்கான். இப்ப ஆஸ்பத்திரியில இல்லீங்க. மண்டி மொகல்லா தாண்டி, பூக்கடை வரிசையில மூணாவது கடை. ரத்னம்மா கடை. செவ்வாக்கெழமை லீவு."

"ஏன் ஆயா, பேசாத ஆளோட லீவு நாளு உனக்கு எப்படித் தெரியும்?"

"பேசாம இருக்கோணும்னா ஆளு எங்க இருக்கான்னு தெரியோணுமில்ல?"

சாமியார் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். ஆளைக் கூட்டி வாருங்கள், ஒரு மணிக்குள் வந்தால் இன்றைக்கே எழுதித் தருகிறேன் என்றார். மஞ்சு போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். "பூவு வேணுமா அஜ்ஜி? கம்மி ரேட்டு கடை காட்றேன்." "பூவு வேண்டாம், ஆளு வேணும்," என்றேன். போகவர 120 பேசினோம்.

மைசூர் மல்லிகை வாசம் கடைக்கு ஐம்பதடி முன்னாலேயே வந்து முகத்தில் படும். பனிக்குப் பிறகு அந்த வாசம் மறுபடி தூக்கத்துக்குள் போகிற மாதிரி இருந்தது. ஈரச் சாக்கின் மேல் பூ மலையாகக் குவிந்திருந்தது. அதன் பின்னால் ஒரு கிழவன் நார் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை நடுங்கியது. பூவை எடுத்து நாரில் வைத்ததும் நடுக்கம் நின்றது. முடிச்சுப் போட்டதும் மறுபடி நடுங்கியது. நான் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவனுக்குச் சோறு போட்டு வைத்திருக்கும் ரத்னம்மாதான் முதலில் பார்த்தார். கன்னடக்காரர், அவன் கூடவே இருந்து தமிழ் ஒட்டிக்கொண்டது. "யாரு, அக்காவா? கும்பிடுறேன். இது தினம் உங்க பேச்சுத்தான். அக்கா திட்டும், அக்கா திட்டும்னு."

அவன் எழுந்து நின்றான். "அக்கா," என்றான்.

நான் ஜெனிபரைப் பார்த்தேன். "ஜெனி, கேளு. இன்னைக்குக் குடிச்சிருக்கானான்னு."

"தாத்தா, குடிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. நேத்து குடிச்சேன்."

"நேத்துக் கணக்கெல்லாம் யாரும் கேக்கலைன்னு சொல்லு. சாமியாரு கூப்பிடறாரு, சட்டைய மாத்திக்கிட்டு வரச் சொல்லு."

ஆட்டோவில் நான் ஒரு ஓரம், அவன் ஒரு ஓரம், நடுவில் ஜெனிபர். வழியெல்லாம் இப்படித்தான் பேச்சு. கால் வலிக்குதான்னு கேளு. தேவலைன்னு சொல்லும்மா. கடைசியில் மஞ்சு கண்ணாடியில் பார்த்து, "அஜ்ஜி, அந்தப் பொண்ணுக்கு வாய் வலிக்கும். நான் கொஞ்சம் சொல்லட்டா?" என்றார். ஜெனிபர் மூன்று நாளில் அப்போதுதான் சிரித்தாள். ரத்னம்மா காசு வாங்காமல் கொடுத்த இரண்டு முழம் மல்லிகை அவள் தலையில் இருந்தது.

12.20க்கு மறுபடி ஆபீஸ். சாமியார் சின்னப்பனை உட்காரச் சொன்னார். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு என்ன பண்ணீங்க, அதை அப்படியே சொல்லுங்க. தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன் சாமி."

"வார்த்தை?"

"தெரியலீங்க சாமி. அன்னைக்குக் காலைலயே குடிச்சிருந்தேன். பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு மூணையும் சொன்னேனா, பாதியில உட்டுட்டேனா... இருவத்தி நாலு வருசமா யோசிச்சுப் பாக்கறேன். சில நாளு முழுசாச் சொன்ன மாதிரி இருக்கு. சில நாளு அழுதது மட்டுந்தான் ஞாபகம் வருது. தெரியாததைத் தெரியும்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."

சாமியார் தலையசைத்தார். "பரவால்ல. சந்தேகம் இருந்தா அதுக்கும் வழி இருக்கு. 'நீ முன்ன பெறாம இருந்தால்'னு ஒரு வார்த்தை சேத்து, இப்பவே மறுபடி ஞானஸ்நானம் குடுத்துடலாம். பத்து நிமிசம். சர்டிபிகேட்டும் இன்னைக்கே."

ஜெனிபர் சரி என்றாள். பாவம், அவளுக்கு ஓலை வாசித்தால் போதும். சின்னப்பனும் சரிங்க சாமி என்றான். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

இதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் எனக்குச் சாதகம். கல்யாணம் நடக்கும். அவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. அவன் செய்தது செய்யாததாகப் போகும். இருபத்து நான்கு வருடம் முன்னால் நான் விரும்பியதும் அதைத்தான். குழந்தை பிழைத்த பிறகு மகன் கோயிலில் போய் எழுதி வருகிறேன் என்றபோது, நானே எழுதிவிட்டேன், நீ போகாதே என்று பொய் சொன்னவள் நான். ஊரில் அவளுக்கு முதல் நன்மை, அதாவது முதல் முறை நற்கருணை, கொடுக்கும்போது சர்டிபிகேட் கேட்டார்கள். மைசூரில் இருக்கிறது என்றேன், எங்களைத் தெரிந்தவர்கள், விட்டுவிட்டார்கள்.

சாமியார் தண்ணீர் எடுக்க எழுந்தார்.

"உக்காருங்க சாமி," என்றேன். "அவன் சரியாத்தான் சொன்னான்."

சொல்லத் தொடங்கியதும் அந்த வார்டு என்னைச் சுற்றி அப்படியே வந்து நின்றது. பச்சைத் திரை, மருந்து வாசம், மூன்றே கால் மணி வெயில் தரையில் கட்டம் போட்டிருந்தது. "வார்டுல இருந்தது நாலு பேருங்க. நானு. மயக்கத்துல என் மருமக லூர்து. ஒரு நர்ஸம்மா. இவன். எம்மகன் சாமியாரைத் தேடிப் போயிருந்தான். குழந்தை நீலம் பூத்துக் கெடந்துச்சு. உங்க வழக்கப்படி ஏதாச்சும் செய்யோணும்னா இப்பவே செய்யுங்கன்னு நர்ஸம்மா சொல்லிச்சு. இவன் எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி கொண்டாந்தான். டம்ளரு விளிம்பு நெளிஞ்சிருந்துச்சு. வாயி சாராய நாத்தம். சவேரியம்மா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே நான் உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்னான். பிதாவுக்கு ஒருக்கா ஊத்தினான், சுதனுக்கு ஒருக்கா, பரிசுத்த ஆவிக்கு ஒருக்கா. மூணாவது ஊத்தறப்ப கை நடுங்கி என் சேலையிலயும் உழுந்துச்சு. சிமெண்டுக் கலரு சேலை. அப்புறந்தான் அழுதான். வார்த்தை முடிஞ்சதுக்கு அப்புறம்."

சாமியார் கேட்டார், இவ்வளவும் எப்படி ஞாபகம் என்று.

"தப்புப் பண்ணுவான்னு வாயையே பாத்துக்கிட்டு நின்னேங்க. ஒரு எழுத்துத் தப்பினாலும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டலாம்னு. தப்பல."

"நீங்களே குடுத்திருக்கலாமேம்மா. ஆபத்துல யாரும் குடுக்கலாம்."

"வார்த்தை எனக்கும் தெரியும். வாய் வரல."

ஜெனிபர் மெதுவாக, "சவேரியம்மாவா? நானா?" என்றாள்.

எங்கள் அம்மாவின் பெயர் அது. சாமியாரைக் கூட்டிவராமல் அம்மாவைச் சாகவிட்டவன், அந்தப் பெயரையே எடுத்துக் குழந்தைக்கு வைத்தான். அதனால்தான் எழுதவிடவில்லை. அம்மா பெயரும் அவன் பெயரும் ஒரே வரியில் வருவதை நான் பொறுக்கத் தயாராக இல்லை. இதைச் சொன்னபோது சின்னப்பன் மேசைக்குக் கீழிருந்து கைகளை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"குடிச்சிட்டுக் குடுத்தது செல்லுமா ஃபாதர்?" என்று ஜெனிபர் கேட்டாள். அது செல்ல வேண்டும் என்று இப்போது அவளுக்கே இருந்தது.

இன்னாசி சாமி பேனாவைத் திறந்தார். "இன்னைக்குக் காலைல உப்புமாவுக்குச் சமையக்காரரோட சண்டை போட்டுட்டு, அந்தக் கோவத்தோடதான் பீடத்துல நின்னேன். ஆண்டவர் வரலைன்னா சொல்லுவீங்க? கொடுக்கறது அவரும்மா. நாங்கெல்லாம் நடுவுல நிக்கிற ஆளுங்க. நல்ல ஆளா வரட்டும்னு அவரு காத்திருந்தா யாருக்கும் எதுவும் கெடைச்சிருக்காது." சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

பெயர், சவேரியம்மாள் ஜெனிபர். கொடுத்தவர், சின்னப்பன். சாட்சி, அற்புதமேரி. மூன்றும் ஒரே வரி. நான் கையெழுத்துப் போட்டேன். அவன் போடும்போது கை நடுங்கிப் புத்தகம் நகர்ந்தது. நான் ஒரு ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். புத்தகத்தைத்தான் பிடித்தேன்.

சர்டிபிகேட்டுக்குக் காணிக்கை 50 ரூபாய். மணி 12.55.

பிறகு கோயிலுக்குள் போய் உட்கார்ந்தோம். கலர்க் கண்ணாடி வழியாக வெயில் நீலமும் சிவப்புமாகத் தரையில் கரைந்து கிடந்தது. சின்னப்பன் என்னிடமிருந்து நாலு பெஞ்சு தள்ளி முழந்தாளிட்டான். ஜெனிபர் தன் புதுப் பெயரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு நேரம் தெரியாமல் போவது அபூர்வம்.

வெளியே வந்ததும் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். வீட்டிலிருந்து ஒன்று எடுத்துத்தான் வந்திருந்தேன், எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை. "ஜெனி, குடு. ரத்னம்மாவையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு. முன் பெஞ்சுல உக்காரோணும். குடிக்காம வரோணும்."

"வர்றேன்னு சொல்லும்மா," என்றான்.

2.30 பஸ், ஏழு மணிக்கு ஊர். நரசிபுரத்துப் பாலத்தில் பனி இல்லை, ஆறு ஆறாகவே தெரிந்தது. அப்புறம் அம்மா வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கடலைத் தோலை ஊதி ஊதித் தின்றார்கள். எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். எதுவும் கேட்கவில்லை. ஹனூர் வரைக்கும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆதாரும், அப்பா அம்மா பெயரும், பிறந்த தேதியும் எழுதிக் கொண்டுபோங்கள். 6.10 பஸ்ஸை விட்டால் ஒரு மணிக்குள் வேலை முடியாது. ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லுங்கள். ஆபத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அந்த வாரமே போய்ப் புத்தகத்தில் ஏற்றுங்கள். கொடுத்தவர் யாராக இருந்தாலும் ஏற்றுங்கள். பார்த்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், நல்லவராக இருக்க வேண்டும் என்றில்லை, மறக்காதவராக இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். சவேரியம்மாள் ஜெனிபர் என்று சாமியார் சொன்னபோது கோயிலில் பழைய ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூசை முடிந்து எங்கள் சாமியார் கேட்டார், தம்பியை மன்னித்தாச்சு போல என்று. இல்லை என்றேன். ஆண்டவருக்கு அவன் கை போதுமாக இருந்திருக்கிறது, என் வாயும் போதுமாக இருந்திருக்கிறது, அது அவர் பாடு. பரலோக மந்திரத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்ற இடம் வரும்போது நான் இன்னும் வாயை மூடிக்கொள்கிறேன். பொய் சொல்லக் கூடாது என்பதால். கல்யாணத்தன்று அவன் இலைக்கு நானே பரிமாறுவேன், அவனுக்குப் பிடித்த கத்தரிக்காயை இரண்டாம் முறையும் வைப்பேன். ஆனால் அம்மா ஒன்பது முறை கேட்டார்கள், நான் அங்கே இருந்தேன். நான் மன்னிக்காத ஆள் ஒரே ஒருவன்: சவேரியம்மாளின் கடைசி மகன், என் தம்பி, சின்னப்பன்.